சென்னை நடைபாதைக் குடும்பங்கள்: நம் தெருவில் வாழ்பவர்களை நாம் யாராகக் கருதுகிறோம்?

கிழக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னை ஜார்ஜ் டவுனில் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவின் நடைபாதையில் வசிக்கும் குடும்பங்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு கொடுக்க வணிகர்களும் குடியிருப்போரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள், நான் இடவில்லை. அதற்கான காரணத்தை எழுதி, இங்குள்ளவர்களின் கருத்தையும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

யாரோ அடையாளம் தெரியாதவர்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அந்த மனு சொல்கிறது. அது உண்மையல்ல. அவர்களில் ஒருவர் பல ஆண்டுகளாக எங்கள் கடைக்கு மூட்டை இறக்குகிறார். அவருடைய மாமனார் கொத்தவால்சாவடியில் காய்கறி மூட்டை சுமந்தவர். 1996இல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது வசதி உள்ள வியாபாரிகள் அங்கே கடை பெற்றுப் போனார்கள். மூட்டை சுமந்தவர்களில் பலருக்கு அங்கே இடமும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. இங்கேயே தங்கி, மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சுமை வண்டி) ஓட்டியும், பழைய அட்டையும் காகிதமும் சேகரித்துக் காயலான் கடையில் போட்டும், பூ கட்டியும் பிழைப்பை மாற்றிக்கொண்டார்கள். இன்று அந்த நடைபாதையில் இருக்கும் குழந்தைகள் அதே தெருவில் பிறந்த மூன்றாவது தலைமுறை. எங்கள் குடும்பம் இந்தத் தெருவுக்கு வந்து ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகிறது. எங்களுக்கு மேலே கூரை இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை வைத்து ஒருவரைத் தெருவுக்குச் சொந்தக்காரர் என்றும் மற்றவரை அந்நியர் என்றும் எப்படிச் சொல்வது?

அவர்களைப் பற்றி நம் பகுதியில் நடக்கும் பேச்சைக் கேட்டால் ஒரு நிமிடம்கூட மனிதர்களைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றாது. அடைப்பு, குப்பை, தொல்லை என்றே வாக்கியங்கள் முடிகின்றன. அவர்களிடம் வேலை வாங்காத கடை எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமைதித்தெரு

நண்பர் கிழக்குவாசல் அவர்களுக்கு, உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியிலும் இதே நிலைதான். என் தாயாருக்கு எண்பது வயது ஆகிறது. நடைபாதை முழுவதும் தார்ப்பாய் கட்டியிருப்பதால் அவர் சாலையில் இறங்கி, பேருந்துகளுக்கு நடுவே நடந்து கோயிலுக்குப் போகிறார். குழந்தைகள் சாக்கடை ஓரத்தில் மலம் கழிக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் ஆண்கள் இரவில் சண்டையிடுகிறார்கள். இவற்றைச் சொன்னால் நான் இரக்கமற்றவன் என்று ஆகிவிடுமா?

நடைபாதை நடப்பவர்களுக்காக வரி செலுத்திப் போடப்பட்டது. அரசு இரவுக் காப்பகங்கள் நடத்துகிறது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கு வீடுகள் கட்டிக் கொடுக்கிறது. இத்தனை இருந்தும் ஏன் நடைபாதையை விட்டுப் போக மறுக்கிறார்கள் என்பதற்கு எனக்கு இன்றுவரை தெளிவான பதில் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள நான் தயார்.

இரவுப்பணி

அமைதித்தெரு அவர்களின் கேள்வி நியாயமானது. வீடற்றோருக்கான காப்பகம் ஒன்றில் இரவுப் பொறுப்பாளராக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி என்று பிரிக்கப்பட்டவை. குடும்பமாகத் தங்க இடம் தருபவை மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் நடைபாதையில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கண் சரியாகத் தெரியாத மாமியார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் காப்பகத்துக்கு வந்தால் கணவர் ஓரிடத்தில், மனைவியும் மாமியாரும் வேறிடத்தில், பதின்வயது மகன் மூன்றாவது இடத்தில் என்று பிரிய வேண்டியிருக்கும். எந்தக் குடும்பம் இதற்கு ஒப்புக்கொள்ளும்? நீங்களும் நானும் ஒப்புக்கொள்வோமா?

அடுத்து, உடைமைகள். பாத்திரங்கள், தகரப் பெட்டி, தையல் இயந்திரம், மீன்பாடி வண்டி ஆகியவற்றைக் காப்பகத்துக்குள் கொண்டுவர முடியாது. வெளியே விட்டால் காலையில் இருக்காது. பூ கட்டும் பெண் அதிகாலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போக வேண்டும். காப்பகத்துக்கென்று நேர ஒழுங்கு உண்டு. எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள்: ஊரை விட்டு வேலை தேடி வந்தவர்கள், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர்கள், மனைவியை இழந்தபின் குடியில் விழுந்து எழ முடியாமல் போனவர்கள். அவர்களுக்குக் காப்பகம் உயிர் காக்கும் இடம். அதில் எனக்கு ஐயமில்லை. குடும்பமாக வாழ்பவர்களுக்கு அது விடையாகாது.

இன்னும் ஒன்று. காப்பகத்துக்கு வரும் முதியவர்களிடம் முதல் வாரம் நான் பெயரைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. ஒருவர் பல வாரங்கள் பேசாமலே இருந்தார். ஒருநாள் தண்ணீர்க் குழாய் பழுதானபோது தானாக எழுந்து வந்து, கழற்றி, வாசர் தேய்ந்திருப்பதைக் காட்டி, பழைய ரப்பர் செருப்பின் அடிப்பகுதியிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டுச் சரிசெய்துவிட்டார். ஒரு நூற்பாலையில் பிட்டராக (இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்ப்பவராக) வேலை பார்த்தவர் என்பது அதன்பின்தான் தெரிந்தது. ஆலை மூடப்பட்டது, மகளின் திருமணக் கடன் இருந்தது, வீடு போயிற்று. அவ்வளவுதான் அவருக்கும் தெருவுக்கும் இடையே இருந்த தூரம். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மில் பலருக்கும் அந்தத் தூரம் அதிகமில்லை என்பதை அங்கே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன்.

வழக்குமன்றம்

சட்டப் பக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் மனு கொடுப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

1981இல் பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்ற மகாராட்டிர அரசு முடிவெடுத்தபோது, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிசும் நடைபாதைவாசிகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985இல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒருவர் நடைபாதையில் தங்குவது அருகில் வேலை இருப்பதால்தான். அந்த இடத்திலிருந்து அகற்றுவது அவருடைய வேலையைப் பறிப்பதாகும், வேலையைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்பதே அதன் வாதப்போக்கு. சென்னையின் குடிசைவாசிகளையும் நடைபாதைவாசிகளையும் பற்றி வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அவர் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

அதேவேளையில், நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை எவருக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முறையாக அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு, அதன் பின்னர் அகற்றலாம் என்றே சொன்னது. ஆகவே அமைதித்தெரு அவர்களின் தாயார் நடைபாதையில் நடக்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. அந்த உரிமையை நிலைநாட்டும்போது மற்றவரின் பிழைப்பை அழிக்காமல் எப்படிச் செய்வது என்பதுதான் நாற்பது ஆண்டுகளாகத் தீராமல் இருக்கிறது.

காப்பகங்கள் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2009 டிசம்பர் குளிரில் டெல்லியில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டது. அந்தச் செய்தி உணவு உரிமை வழக்கின் வழியாக உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2010இல், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 50 சதுர அடி இடம் என்பதும் அதில் இருந்தது. 2011இல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம். எத்தனை காப்பகங்கள் தேவை என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெண்சீருடை

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெருவில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சென்னையின் பெரிய அரசு மருத்துவமனை எதற்கும் வெளியே இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். செய்தித்தாளை விரித்துப் படுத்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நோயாளியோடு வந்தவர்கள். சொந்த ஊரில் வீடு உண்டு, கொஞ்சம் நிலமும் இருக்கும். உள்ளே ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் துணை இருக்கலாம். விடுதி எடுத்தால் மருந்துக்குப் பணம் இருக்காது. இப்படி வருபவர்களுக்காகவே மாநகராட்சி சில மருத்துவமனைகளில் தனிக் காப்பகங்கள் அமைத்திருக்கிறது. அது நல்ல காரியம். ஆனாலும் கூட்டத்துக்கு அவை போதவில்லை.

இன்னொரு வகையினரைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். மனநலம் குன்றி, பேருந்து ஏறி, எங்கோ இறங்கி, பேசும் மொழிகூட அந்த ஊருக்குப் புரியாமல் திரிபவர்கள். சடை பிடித்த முடியோடும் கிழிந்த துணியோடும் அவர்கள் வரும்போது நாம் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறோம். எங்கள் வார்டுக்கு அப்படி ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். காலில் புண், அதில் புழு. முடியை மழிக்கும்போதும் புண்ணைக் கழுவும்போதும் அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்கு யாரோ மல்லிகைச் சரம் கொண்டுவந்தபோது, மழித்த தன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்தமாக அழுதார். முதல்முறையாகப் பேசியதும் அப்போதுதான். தெலுங்கில், தம் மகளின் பெயரைச் சொன்னார். அந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கித்தான் அவருடைய ஊரைக் கண்டுபிடித்தார்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 100ஆவது பிரிவு இருக்கிறது. தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் மனநோயோடு திரிபவரைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும்; அவரைக் காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது; அவர் வீடற்றவராக இருந்தால் காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் நிலைய அதிகாரியின் கடமை. இதை அறியாத காவலர்களும் உண்டு. என் பணிக்காலத்தில் ஒரு நிலையத்தில், "அம்மா, அவங்களே போயிடுவாங்க, விடுங்க" என்று சொன்னார்கள். சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் நிலைமை மாறுகிறது என்பதால்தான் எண்ணோடு எழுதுகிறேன்.

1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், இப்படித் தெருவில் தவித்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் கிடைக்காமல் அலைந்த பின்பு சென்னையில் தொடங்கிய அமைப்புத்தான் பான்யன். பிற்காலத்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். குணமடைந்தும் திரும்பிப் போகக் குடும்பம் இல்லாத பெண்களை நிறுவனத்துக்குள்ளேயே ஆயுள் முழுவதும் வைத்திருக்காமல், நான்கைந்து பேருக்கு ஒரு வீடாகச் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, உதவிக்கு ஓர் ஆளையும் வைத்தார்கள். அந்தப் பெண்கள் காய்கறி வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், பொங்கலுக்குக் கோலம் போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிறார்கள். வேறு உலகத்து ஆட்கள் என்று நாம் நினைத்தவர்களுக்கு நம்முடையதைப் போன்ற ஓர் அடுக்களையே போதுமானதாக இருந்திருக்கிறது.

அமைதித்தெரு

அம்மா, உங்கள் பதிவை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். மருத்துவமனைத் துணையாட்களையும் மனநோயாளிகளையும் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. குடும்பங்களைப் பற்றி இரவுப்பணி சொன்னதும் புரிகிறது. ஆனால் பெரும்பாக்கம் வீடுகளை ஏன் ஏற்பதில்லை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பூக்கடைப்பிள்ளை

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும். நான் பிறந்தது சென்னையின் ஒரு நடைபாதையில். இப்போது கணக்காளராக வேலை செய்கிறேன், வாடகை வீட்டில் இருக்கிறேன். என் சித்தியும் அவர் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பெரும்பாக்கம், கண்ணகி நகர் ஆகியவை ஜார்ஜ் டவுனை ஒட்டிய பாரிமுனையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. என் சித்தி அதிகாலை மூன்றரைக்குப் பூ எடுத்து, ஆறு மணிக்குள் கட்டி, கோயில் வாசலில் விற்கிறவர். அங்கிருந்து அந்த நேரத்துக்கு எந்தப் பேருந்தில் வருவார்? எங்கள் பகுதியிலிருந்து வீடு கிடைத்துப் போனவர்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு வாரத்தில் ஆறு நாள் நடைபாதையிலேயே தூங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர், "வீடு கொடுத்தாலும் திரும்பி வருகிறார்கள், இவர்களைத் திருத்த முடியாது" என்கிறார். அவர்கள் திரும்பி வந்தது பிழைப்புக்காக. ஒதுக்கீட்டுக்குப் பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும் என்பதும் உண்டு; அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்பவரிடம் மொத்தமாகப் பணம் ஏது? தனியார் வீட்டுக்குப் போகலாமே என்பீர்கள். மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அளவு சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்பவர்களே அதிகம். பணம் இருந்தாலும், "இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும். எனக்கே இரண்டு இடங்களில் அது நடந்தது.

நடைபாதையில் ஒரு குடும்பம் எப்படி நாளைக் கழிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பகலில் அங்கே வீடே இருக்காது. தார்ப்பாயைச் சுருட்டி, பாய் தலையணையோடு சேர்த்துக் கட்டி, மதில் கம்பியில் தொங்கவிடுவோம். ஆதார், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பாலித்தீன் உறையில் சுற்றி எதிர்க் கடை அண்ணாச்சியிடம் இருக்கும். மழைக்காலத்தில் அம்மாவுக்கு முதல் கவலை அரிசி இல்லை, அந்த உறைதான். சந்தையில் உடைந்து கிடக்கும் பழப்பெட்டிப் பலகைதான் விறகு. கட்டணக் கழிப்பறையை இரவு பூட்டிவிடுவார்கள் என்பதால் பெண்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது மருத்துவர், "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். குளிப்பது அதிகாலை நான்கு மணிக்கு, அடிகுழாய் அருகே, பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்து நிற்க. வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் விழித்துக்கொண்டே இருப்பார்கள். அமைதித்தெரு ஐயா சொன்ன குடிச்சண்டை உண்மைதான். அதனால் முதலில் அடிபடுவது அங்கிருக்கும் பெண்கள்தாம். அதைத் தடுக்கச் சாத்திக்கொள்ளக் கதவு கிடையாது.

அன்னதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுப்பவர்களின் மனத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை எழுப்பி, கையில் பொட்டலத்தைக் கொடுத்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அன்று மட்டும் ஐந்து வண்டி வரும். செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட வராது. பல நேரங்களில் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு முடித்திருப்போம். என் பெயர் என்ன, என்ன படிக்கிறேன் என்று கேட்டவர் அத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. விரட்ட வந்தவர்களும் அதைக் கேட்டதில்லை, சோறு கொடுக்க வந்தவர்களும் கேட்டதில்லை. கேட்டவர் என் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்தாம். விண்ணப்பத்தில் முகவரிக்குரிய இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அவர் என்னை அழைத்து, நாங்கள் படுக்கும் சுவருக்கு எதிரே இருக்கும் கடையின் கதவு எண்ணைக் கேட்டு, அந்த எண்ணுக்கு "எதிர்ப்புறம்" என்று தம் கையால் எழுதினார். அதன்பின் எனக்கு வந்த முதல் அஞ்சல் அந்த முகவரிக்குத்தான் வந்தது.

நெறியாளர்

பூக்கடைப்பிள்ளை அவர்களின் பகுதியையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டும் கேள்விகளைத் தவிர்க்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழாசிரியை

நான் மாநகராட்சிப் பள்ளியில் பணிபுரிகிறேன். பூக்கடைப்பிள்ளையின் பதிவைப் படித்த பின் வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒரே ஒரு செயல்முறைக் கேள்வி மட்டும் கேட்கிறேன். எங்கள் வகுப்பில் நடைபாதைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோரில் சிலருக்கு வாக்காளர் அட்டை இல்லை. முகவரிச் சான்று இல்லாதவர்களைப் பட்டியலில் சேர்க்க வழி உண்டா? வாக்கு இல்லாதவரின் குறையை எந்த மாமன்ற உறுப்பினரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதை நாங்கள் பள்ளிக் கழிப்பறை விவகாரத்திலேயே கண்டிருக்கிறோம்.

வழக்குமன்றம்

உண்டு, அம்மா. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. வீடற்றவர், பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6இல் தாம் உறங்கும் இடத்தையே முகவரியாகக் குறிப்பிடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில் அந்த இடத்துக்குப் போய், விண்ணப்பித்தவர் உண்மையில் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரே இரவோடு நிறுத்தாமல் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே உறங்குவது உறுதியானால் இருப்பிடத்துக்கு வேறு ஆவணச் சான்று தேவையில்லை. அலுவலர்கள் பலர் இதைச் செய்யத் தயங்குவார்கள், ஏனெனில் இரவில் போவது கூடுதல் வேலை. விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் இணைத்து, அந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயரில் ஒருவர் உடன் போனால் இன்னும் நல்லது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் நினைவில் வையுங்கள். 2011இல் பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் வீடற்றோரைத் தனியாக எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, படிக்கட்டின் கீழ், சிமெண்டுக் குழாய், கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் இருந்தவர்கள் அதில் அடங்குவர். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. 2001இல் அது 19.43 லட்சமாக இருந்ததால் குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. நகரங்களில் மட்டும் பார்த்தால் 7.78 லட்சம் 9.38 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஓர் இரவில் எண்ணி முடிப்பது எளிதல்ல, சுமை இறக்கப் போனவரும் பூ எடுக்கப் போனவரும் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்புத் தேதி. உங்கள் பகுதிக் கணக்கெடுப்பாளரிடம் எந்தெந்த இடங்களில் குடும்பங்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். திட்டங்களுக்கான நிதியும் காப்பகங்களின் எண்ணிக்கையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவாகின்றன.

அமைதித்தெரு

தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற செய்தி எனக்குப் புதிது. எங்கள் தெருக் கழிப்பறை இரவு ஒன்பதுக்குப் பூட்டப்படுவது எனக்குத் தெரியும். அதை நான் ஒரு குறையாகக்கூட நினைத்ததில்லை. குழந்தைகள் சாக்கடை ஓரத்தில் உட்காருவதைப் பற்றி முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது பூட்டப்பட்ட கழிப்பறையின் விளைவு என்றால், என் புகார் போக வேண்டிய இடம் வேறு.

நடைபாதை நடப்பதற்கு வேண்டும் என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அவர்களை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்புவதால் அது நிறைவேறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அருகிலேயே, நடந்து போகும் தூரத்தில், அரசுக்குச் சொந்தமான பழைய கட்டடங்களோ காலி மனைகளோ ஜார்ஜ் டவுன் சுற்றுவட்டாரத்தில் இல்லாமலா இருக்கும்? அங்கே குடும்பங்களுக்கு அறைகள் கட்ட வேண்டும் என்று மனு எழுதினால் நான் முதல் கையெழுத்து இடுகிறேன்.

கிழக்குவாசல்

ஐயா, நன்றி. எதிர்மனு எழுதும் எண்ணம் எனக்கும் வந்திருக்கிறது. மூன்று கோரிக்கைகள் போதும் என்று நினைக்கிறேன்: கழிப்பறை இரவு முழுவதும் திறந்திருக்க வேண்டும், எங்கள் தெருக் குடும்பங்களைப் பெயர், தொழில், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றோடு அவர்கள் சம்மதத்தின்பேரில் கணக்கெடுக்க வேண்டும், ஐந்து கிலோமீட்டருக்குள் குடும்பக் குடியிருப்புத் தரும்வரை அவர்களை அகற்றக் கூடாது. வரைவை இந்த வாரம் இங்கே பதிகிறேன். வணிகர் சங்கத்தில் எல்லோரும் ஏற்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மூட்டை இறக்கும் ஆள் தொலைவுக்குப் போய்விட்டால் காலை ஏழு மணிக்கு யார் வருவார் என்று கேட்டால் சிலராவது யோசிப்பார்கள்.

பூக்கடைப்பிள்ளை

அண்ணா, வரைவை இங்கே பதிவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர் என்பது மீன்பாடி வண்டி ஓட்டுபவருக்குச் சரி, பூ கட்டுபவருக்கு அதிகம். பள்ளியை மாற்ற முடியாத பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வேறு கணக்கு. அடுக்கு வீட்டின் நான்காம் மாடி கிடைத்தால் கண் தெரியாத பாட்டி எப்படி ஏறுவார் என்பதையும் அவர்கள்தாம் சொல்வார்கள். ஆண்கள் வேலை முடிந்து வர ஏழரை ஆகும், பெண்கள் சமையலை முடிக்க எட்டு ஆகும். எட்டரைக்குப் போங்கள். பேசப் போகிறவர்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். கழிப்பறையைப் பற்றி ஆண்களிடம் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். வெண்சீருடை அம்மா வர முடிந்தால் நானும் உடன் வருகிறேன்.

வெண்சீருடை

வருகிறேன் தம்பி. நாளையும் தெருவின் பெயரையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.